ஆஸ்பத்திரியில கூட நிக்கிற ஆளுக்கு: எதை எந்த டிபார்ட்மெண்ட்ல கேக்கணும்

நம்ம குமரி மாவட்டத்துல ஒருத்தருக்கு கொஞ்சம் பெரிய சீக்கு வந்துட்டா ஒரே ஆஸ்பத்திரியில கிடந்து சுகமாகி வீட்டுக்கு வர்றது கம்மி. முதல்ல பக்கத்து கிளினிக்கு, அப்புறம் குழித்துறை ஜிஹெச்சோ தக்கலை ஜிஹெச்சோ, அங்கேருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், அதுக்கு மேலன்னா களியக்காவிளை எல்லை தாண்டி திருவனந்தபுரம். போற இடத்துல எல்லாம் பத்து பதினஞ்சு டிபார்ட்மெண்ட் வேற. டாக்டர் மாறுவாரு, சிஸ்டர் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவாங்க, வார்டு மாறும், மாநிலமே மாறும், கடைசி வரைக்கும் மாறாம நிக்கிறது கூட போன ஆளு மட்டும்தான். அந்த ஆளுக்கு எந்த டிபார்ட்மெண்ட் என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சா பாதி அலைச்சல் மிச்சம், நோயாளிக்கும் நல்லது. அவங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் வாங்கிடுங்க. பழைய சீட்டு, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்குங்க, புதுசு மேல இருக்கட்டும். முதல் பக்கத்துல ஒரு வெள்ளைத்தாள்ல பேரு, வயசு, என்னென்ன சீக்கு எத்தனை வருஷமா இருக்கு, இப்ப சாப்பிடுற மாத்திரை பேரும் அளவும், எந்த மருந்து ஒத்துக்காது, முன்னாடி நடந்த ஆபரேஷன், இவ்வளவும் எழுதி வையுங்க. மாத்திரை பேரு எழுதும்போது அட்டையில கம்பெனி வச்ச பிராண்டு பேரை விட்டுட்டு கூடவே போட்டிருக்கிற மருந்து பேரை எழுதுங்க, ஏன்னா நாகர்கோவில்ல கிடைக்கிற பிராண்டு திருவனந்தபுரத்துல கிடைக்கணும்னு இல்ல, மருந்து பேரு எங்க போனாலும் ஒண்ணுதான். எழுத முடியலன்னா மாத்திரை அட்டையையே கவர்ல போட்டு கொண்டு போங்க, "வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை"ன்னு சொன்னா எந்த டாக்டருக்கும் புரியாது.

கேஷுவாலிட்டியில வரிசைங்கிறது வந்த நேரத்தை வச்சு இல்ல, ஆபத்தை வச்சு. உள்ள நுழைஞ்சதும் ஒரு டாக்டரோ சிஸ்டரோ நாடி, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் பாத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்பாங்க. உங்களுக்கு அப்புறம் வந்தவரை முன்னாடி உள்ள கூப்பிட்டா அவரு சிவப்பு, நீங்க பச்சைன்னு அர்த்தம், அதுக்குப் போய் சண்டை போடக்கூடாது. ஆனா காத்திருக்கும்போது நோயாளிக்கு மூச்சு வாங்குது, வேர்க்குது, பேச்சு குளறுதுன்னா உடனே எழுந்து போய் சொல்லணும், அப்ப கூச்சப்படவே கூடாது.

இங்க நீங்க சொல்ல வேண்டிய முக்கியமான தகவல் நேரம். வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா ஸ்ட்ரோக்கா இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, இந்த அறிகுறி ஆரம்பிச்சதுலேருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி மூளையில ரத்தக்கசிவு இல்லைன்னு சிடி எடுத்துப் பாக்கணும். அதனால "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"ன்னு கேப்பாங்க. காலையில எந்திரிச்சப்பவே அப்படி இருந்தாருன்னா எந்திரிச்ச நேரத்தைச் சொல்லாதீங்க, ராத்திரி படுக்கும்போது நல்லா இருந்த நேரத்தைச் சொல்லுங்க. நெஞ்சு வலின்னா போனதும் முதல்ல ஈசிஜி, பத்து நிமிஷத்துக்குள்ள எடுக்கணும்னு முறையே இருக்கு, சும்மா உக்கார வச்சிருந்தா நீங்களே கேட்டு வாங்கலாம். ரப்பர் வெட்டப் போன இடத்துல பாம்பு கடிச்சதுன்னா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, கடிச்ச கை காலை ஆட்டாம கொண்டு வாங்க, கடிச்ச நேரத்தைச் சொல்லுங்க. அங்க கொஞ்சம் ரத்தத்தை கண்ணாடி டியூப்ல எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வச்சு உறையுதான்னு பாப்பாங்க. விஷமுறிவு மருந்து வேணுமான்னு முடிவு பண்ண அந்த டெஸ்டும் ஒரு ஆதாரம். "வந்து இவ்வளவு நேரமாச்சு இன்னும் ஊசி போடல"ன்னு அந்த நேரத்துல கத்துறவங்கதான் அதிகம்.

விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் இதெல்லாம் போலீஸ் கேஸா பதிவாகும். ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க, நம்ம பக்கம் ஏஆர் காப்பின்னு சொல்றது அதைத்தான். எப்படி அடிபட்டுச்சுன்னு நீங்க சொல்றதை டாக்டர் அதுல அப்படியே எழுதுவாரு, பின்னாடி இன்சூரன்ஸ், கோர்ட்டு எல்லாம் அந்த வரியைத்தான் பிடிக்கும், அதனால நடந்ததைச் சொல்லுங்க, ஊர்ப் பெரியவரு ஃபோன்ல சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாதீங்க. ரோட்டுல கிடந்தவரைத் தூக்கிட்டு வந்த ஆளை ஆஸ்பத்திரி பிடிச்சு வைக்கக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு அவங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்குது. இன்னொண்ணு, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோட்டுல விபத்துன்னா அடிபட்டவரு கேரளாவுல உள்ள பாறசாலைக்காரரா இருந்தாலும் நெய்யாற்றின்கரைக்காரரா இருந்தாலும் இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரம், பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியில, திட்டத்துல சொன்ன தொகை வரைக்கும் காசில்லாம பாப்பாங்க. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச திட்டம், இந்த எல்லை ரோட்டுல ஓடுற நிறைய பேருக்கு இன்னும் தெரியாது.

அவசரம் இல்லாத சீக்குக்கு ஓபி. முதல் குழப்பமே எந்த ஓபின்னுதான். ஒரே உறுப்புக்கு மருந்து கொடுக்கிற டிபார்ட்மெண்ட் ஒண்ணும் கத்தி வைக்கிற டிபார்ட்மெண்ட் ஒண்ணும் பெரும்பாலும் தனித்தனியா இருக்கும். கிட்னி சரியா வேலை செய்யல, ரத்தத்துல கிரியேட்டினின்ங்கிற கழிவு கூடுது, டயாலிசிஸ்னா நெஃப்ராலஜி, கிட்னியில கல்லு, மூத்திரப்பை அடைப்பு, புரோஸ்டேட்னா யூராலஜி. வலிப்பு, ஸ்ட்ரோக்னா நியூராலஜி, தலையில அடி, மூளையில கட்டின்னா நியூரோசர்ஜரி. மஞ்சக்காமாலை, வயித்துப்புண்ணுக்கு கேஸ்ட்ரோ, பித்தப்பைக்கல்லு, குடலிறக்கம்னா சர்ஜரி. எதுன்னே தெரியலன்னா குழம்ப வேண்டாம், ஜெனரல் மெடிசின் போங்க. காய்ச்சல், இளைப்பு, காரணம் தெரியாத களைப்பு எல்லாத்துக்கும் அதுதான் வாசல், அங்கேருந்து எழுதிக்கொடுத்து அனுப்புவாங்க. "எனக்குத் தெரியும், நேரா பெரிய டாக்டரைப் பாக்கணும்"னு முதுகு வலிக்கு நியூரோசர்ஜரி வாசல்ல அரை நாள் உக்காந்து அங்கேருந்து எலும்பு பாக்குற ஆர்த்தோவுக்குத் தள்ளப்பட்டவங்க கதை நம்ம ஊருல ஏராளம்.

ஒரு காலத்துல இந்தப் பிரிவெல்லாம் கிடையாது பாத்துக்கிடுங்க. நெய்யூர்ல 1838லயே மிஷன் மருத்துவ வேலை ஆரம்பிச்சாச்சு. 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் அங்கதான் பல வருஷம் சர்ஜனா இருந்தாரு, அப்ப கண்ணு, வயிறு, எலும்பு எல்லாம் அவரு மாதிரி ஒண்ணு ரெண்டு பேருதான் பாக்கணும். இன்னைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு. நல்லதுதான், ஆனா ஒருத்தரு பாத்ததை இன்னொருத்தருக்குச் சொல்லுற வேலை ஃபைல் மேலயும் உங்க தலையிலயும் வந்து விழுந்துடுச்சு.

திருவனந்தபுரம் போறவங்க இதைக் கவனிக்கணும். மெடிக்கல் காலேஜுன்னு இறங்குற ஒரே வளாகத்துல பல ஆஸ்பத்திரி இருக்கு. 1951ல ஆரம்பிச்ச மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஒண்ணு, தாய்க்கும் பிள்ளைக்கும் எஸ்ஏடி, புற்றுநோய்க்கு 1981ல வந்த ஆர்சிசி, அப்புறம் ஸ்ரீசித்ரா. ஸ்ரீசித்ரா ஹார்ட்டுக்கும் மூளை நரம்புக்குமான இடம், நெனச்சவுடனே போய் சீட்டு போடுற ஜெனரல் ஆஸ்பத்திரி இல்ல, ரெஃபரல் லெட்டரும் ரிப்போர்ட்டும் தயார் பண்ணிட்டு, விசாரிச்சுட்டுப் போங்க. கேன்சர்னு சந்தேகம் வந்து ஆர்சிசி போறவங்க பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போனா போதாது, சதை எடுத்த இடத்துல போய் ஸ்லைடும் பிளாக்கும் கேட்டு வாங்கிட்டுப் போங்க. ஸ்லைடுன்னா அந்தச் சதையை மெல்லிசாச் சீவி ஒட்டின கண்ணாடித் துண்டு, பிளாக்குன்னா அந்தச் சதைத்துண்டை மெழுகுல பதிச்சு வச்சிருக்கிறது. பெரிய சென்டர்ல அவங்க பேத்தாலஜிக்காரங்க அதைத் திரும்ப ஒருக்கா பாத்துதான் சிகிச்சை முடிவு பண்ணுவாங்க, அது இல்லாமப் போனா அதை வாங்க மட்டும் ஒருத்தரு ஊருக்குத் திரும்பி வரணும்.

அட்மிஷன் ஆயிட்டுன்னா முதல்ல எந்த யூனிட்டுன்னு கேட்டு எழுதி வையுங்க. மெடிக்கல் காலேஜ்ல ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் யூனிட் யூனிட்டா இருக்கும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழ அசிஸ்டெண்ட் டாக்டருங்க, பிஜி படிக்கிறவங்க, ஹவுஸ் சர்ஜன். சீஃப் காலையில ரவுண்ட்ஸ் வருவாரு, ரெண்டு நிமிஷம் நிப்பாரு, முடிவு அவரோடது. ஆனா உங்களுக்கு விவரமா பதில் சொல்ல நேரம் இருக்கப்பட்டது பிஜி டாக்டருக்குத்தான், ரவுண்ட்ஸ் முடிஞ்சு அவரு கேஸ் ஷீட் எழுதி முடிச்ச அப்புறம் போய் கேளுங்க. கேக்க வேண்டியது மூணு விஷயம்: என்ன சீக்குன்னு நெனைக்கிறாங்க, எந்த டெஸ்டுக்காக காத்திருக்காங்க, அது வந்த அப்புறம் என்ன செய்யப் போறாங்க. இதை ஒரு ஆளு மட்டும் கேளுங்க, சித்தப்பா ஒருக்கா மாமா ஒருக்கா மைத்துனன் ஒருக்கான்னு போய் நின்னா மூணு பேருக்கு மூணு விதமா புரிஞ்சு சாயங்காலம் வார்டு வாசல்ல சண்டைதான்.

சிஸ்டருங்களைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. டாக்டரு ஒரு நாள்ல சில நிமிஷம் பாக்குற நோயாளியை 24 மணி நேரமும் பாக்குறது அவங்கதான். மருந்து எப்ப கொடுத்தாங்க, காய்ச்சல் எவ்வளவு, மூத்திரம் எவ்வளவு போச்சு எல்லாம் அவங்க சார்ட்ல இருக்கும். மூத்திரத்தை அளந்து சொல்லுன்னா அளந்து சொல்லுங்க, சும்மா "நல்லாப் போச்சு"ன்னு சொல்லாதீங்க, கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் அந்தக் கணக்கை வச்சுத்தான் மருந்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும். ஷிப்ட் மாறுற நேரத்துல ஒருத்தருக்கு ஒருத்தரு ஒப்படைச்சுட்டு இருப்பாங்க, அவசரம் இல்லன்னா அப்ப போய் பேச்சு கொடுக்காதீங்க. ட்ரிப் ஏத்துற வேகத்தை நீங்களா கூட்டவே கூடாது, சீக்கிரம் முடியட்டும்னு உருளையைத் திருப்புற மகராசன்கள் ஒவ்வொரு வார்டுலயும் இருக்காங்க.

லேப்ல ரத்தம் எடுக்கும்போது நாலு டியூப்ல எடுத்தா பயப்பட வேண்டாம், மூடி கலருக்கு ஒரு வேலை. ஊதா மூடி ரத்த அணு எண்ணிக்கைக்கு, நீலம் ரத்தம் உறையுறதைப் பாக்க, சாம்பல் சுகருக்கு, மத்தது கிட்னி, ஈரல் டெஸ்டுக்கு. வெறும் வயித்து சுகருக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாம இருக்கணும், மூணு மாசச் சராசரி பாக்குற எச்பிஏ1சிக்கு அது தேவையில்ல. கல்ச்சர் டெஸ்ட்னா கிருமி வளரணும், ரெண்டு மூணு நாள் ஆகும், யாரைச் சிபாரிசு பிடிச்சாலும் கிருமி சீக்கிரம் வளராது. டியூப்ல பேரு, ஐபி நம்பர் (அட்மிஷன் நம்பர்) சரியா ஒட்டியிருக்கான்னு பாருங்க, அதுல கூச்சம் வேண்டாம்.

ஸ்கேன் பக்கம் போனா படம் எடுக்கிறவரு டெக்னீஷியன், படிச்சு ரிப்போர்ட் எழுதுறவரு ரேடியாலஜிஸ்ட். "அண்ணே ஏதாவது இருக்கா?"ன்னு டெக்னீஷியன்கிட்ட கேட்டா அவரு சொல்லமாட்டாரு, சொல்லவும் கூடாது. வயித்து ஸ்கேனுக்கு தண்ணி குடிச்சு மூத்திரத்தை அடக்கச் சொல்லலாம், வெறும் வயித்துல வரச் சொல்லலாம், எது வேணும்னு அப்பாயின்மெண்ட் வாங்கும்போதே கேட்டுக்கிடுங்க. சிடியில ஊசி மருந்து ஏத்தி எடுக்கிறதா இருந்தா கிரியேட்டினின் ரிப்போர்ட் கேப்பாங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டா அதையும் சொல்லணும். எம்ஆர்ஐக்கு பேஸ்மேக்கர், மூளை ஆபரேஷன்ல உள்ள வச்ச கிளிப்பு, உடம்புக்குள்ள ஏதாவது இரும்புத்துண்டு இருந்தா முன்னாடியே சொல்லியாகணும். ரிப்போர்ட் பேப்பரோட ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க்கும் கேட்டு வாங்குங்க, எல்லை தாண்டிப் போகும்போது பேப்பரை விட அந்த டாக்டருக்குப் படம்தான் வேணும், இல்லன்னா திரும்ப ஒருக்கா எடுக்கச் சொல்லுவாங்க, காசும் போச்சு நேரமும் போச்சு.

ரத்தம் வேணும்னு சொன்னா பிளட் பேங்க். நோயாளியோட ரத்த சாம்பிளும் டாக்டர் எழுதின சீட்டும் போகணும், அங்க பொருத்தம் பாத்துத்தான் தருவாங்க, ஒரே குரூப்புன்னா மட்டும் ஆகாது. கொடுக்க வர்றவங்களுக்கு 18 வயசுலேருந்து 65 வரைக்கும், 45 கிலோவாவது எடை, ஹீமோகுளோபின் 12.5. ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒருக்கா கொடுக்கலாம். பிளேட்லெட் அஞ்சு நாள்தான் தாங்கும், அதனால ஆளு நேரத்துக்கு வரணும். காசுக்கு ரத்தம் கொடுக்கிறேன்னு வாசல்ல எவனாவது வந்தா கிட்ட சேக்காதீங்க, அது சட்டப்படி குத்தம், ரத்தமும் நம்பக்கூடியது இல்ல.

ஆபரேஷன்னா சர்ஜனைத்தான் எல்லாரும் பாக்குறாங்க, மயக்க டாக்டரை யாரும் கண்டுக்கிடுறதில்ல. ஆனா மேசையில நோயாளி மூச்சையும் நெஞ்சுத்துடிப்பையும் காவல் காக்குறது அவருதான். முன்னாடியே ஒரு செக்கப் வைப்பாரு, ஃபிட்னெஸ்னு சொல்லுவாங்க. அவருகிட்ட எதையும் மறைக்காதீங்க: குடி, பீடி, ஆஸ்துமா, ஆடுற பல்லு, கட்டுப்பல்லு, ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற ஆஸ்பிரின், குளோபிடோகிரல், முந்தின ஆபரேஷன்ல மயக்கத்துல வந்த பிரச்சனை, நாட்டு மருந்து உள்பட. சாதாரணமா சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணிக்கு ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும், உங்களுக்கு அவங்க சொல்ற நேரம்தான் கணக்கு. பால் ஊத்தின சாயா தண்ணிக் கணக்குல வராது, சாப்பாட்டுக் கணக்கு. பாவம் பசிக்குதேன்னு அம்மா ஒரு கிளாஸ் ஹார்லிக்ஸ் கொடுத்து ஆபரேஷன் தள்ளிப்போன வீடு ஒண்ணு ரெண்டு இல்ல. கையெழுத்து வாங்குற கன்சென்ட் ஃபார்ம் மலையாளத்துல இருந்து படிக்கத் தெரியலன்னா வாசிச்சு சொல்லச் சொல்லுங்க, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், வேற வழி உண்டா, என்ன ஆபத்து, இது புரிஞ்சப்புறம் போடுங்க. லிஸ்ட்ல இருந்த ஆபரேஷன் கடைசி நேரத்துல மாறுறதுக்கும் காரணம் பல. அவசர கேஸ் வந்திருக்கலாம், ஐசியுல பெட் இல்லாம இருக்கலாம், கருவியை ஆவியில கிருமி நீக்குற சிஎஸ்எஸ்டியில தாமதமா இருக்கலாம். காரணத்தைக் கேளுங்க, சொல்லுவாங்க.

ஐசியுல உங்களை உள்ள விடமாட்டாங்க, அதுதான் கூட நிக்கிற ஆளுக்கு ரொம்பக் கஷ்டமான இடம். ஒரு நாளைக்கு ஒருக்காவாவது நிலைமை சொல்ல நேரம் வச்சிருப்பாங்க, அந்த நேரத்தை முதல் நாளே கேட்டுக்கிடுங்க, ஃபோன் ஆஃப் ஆகாம பாத்துக்கிடுங்க. "எப்படி இருக்காரு?"ன்னு பொதுவா கேட்டா "சீரியஸ்தான்"னு பொதுவாத்தான் பதில் வரும். நேத்துக்கு இன்னைக்கு ஆக்சிஜன் தேவை கூடியிருக்கா குறைஞ்சிருக்கா, பிரஷருக்கு மருந்து ஓடுதா, மூத்திரம் போகுதா, நினைவு இருக்கான்னு கேளுங்க. நாலுக்கும் பதில் கிடைச்சா எந்தப் பக்கம் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

பிசியோதெரபியை ஓரமா வச்சுடாதீங்க. ஸ்ட்ரோக் வந்த கை காலு திரும்புறதுல அவங்க பங்கு பெருசு, வீட்டுல யாரு செய்விக்கப் போறாங்களோ அவங்க நேர்ல நின்னு படிச்சுக்கணும். பாலியேட்டிவ்னு எழுதிக்கொடுத்தா கை கழுவிட்டாங்கன்னு அழ வேண்டாம், வலி, மூச்சுத்திணறல், தூக்கம் எல்லாத்தையும் அடக்குற மருத்துவம் அது, சிகிச்சை நடக்கும்போதே கூடவே கொடுக்கலாம். டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் ஆரம்பிச்ச பாலியம் இந்தியா இருக்கிறது திருவனந்தபுரத்துலதான், நமக்கு அவ்வளவு பக்கம்.

காசு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா பட்டியல்ல உள்ள ஆஸ்பத்திரியில, பட்டியல்ல உள்ள சிகிச்சைக்கு, முன்கூட்டி அனுமதி வாங்கிட்டு. எல்லை தாண்டிப் போகும்போது நம்ம கார்டு அங்க ஓடும்னு நீங்களா நெனச்சுட்டு வண்டி ஏறாதீங்க, அந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுப் போங்க. முடியாதவங்க மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைக் கேட்டுப் பாருங்க, எந்த உதவிக்கு எந்தத் தாளு வேணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம், சம்மரியைப் படிக்காம ஃபைல்ல சொருகிடுவாங்க. அங்கேயே நின்னு படியுங்க: பேரு, வயசு, எந்தப் பக்கம் ஆபரேஷன், எந்த மாத்திரை எத்தனை நாள், பழைய மாத்திரையில எதை நிறுத்தணும், ரிவ்யூ எந்த நாள் எந்த ஓபி, என்ன நடந்தா உடனே வரணும். பழைய மாத்திரையும் புது மாத்திரையும் ஒரே மருந்தா இருந்து ரெண்டையும் சாப்பிட்டுக் கிறங்கி விழுறவங்க உண்டு, மருந்து வாங்குற இடத்துல பார்மசிஸ்ட்கிட்ட ரெண்டு அட்டையையும் காட்டிக் கேளுங்க. பின்னாடி கேஸ் ஷீட் காப்பி வேணும்னா மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல எழுதிக்கொடுங்க. 2002ல வந்த மருத்துவக் கவுன்சில் விதிப்படி கேட்டு 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும், படுத்து சிகிச்சை எடுத்ததோட ரெக்கார்டை மூணு வருஷம் வச்சிருக்கணும்.

எல்லைக்காரங்க மட்டும் மாட்டுற விஷயம் ஒண்ணு இருக்கு. பிறப்பும் இறப்பும் வீடு இருக்கிற ஊருல பதிவாகாது, நடந்த இடத்துலதான் பதிவாகும். மார்த்தாண்டத்துப் பொண்ணுக்கு எஸ்ஏடியில பிள்ளை பிறந்தா சர்டிஃபிகேட் திருவனந்தபுரம் மாநகராட்சியில, குழித்துறை நகராட்சியில போய் நின்னா ஒண்ணும் கிடைக்காது. பதிவுக்கு 21 நாள், விவரத்தை ஆஸ்பத்திரியே அனுப்பும், ஆனா ஃபார்ம்ல எழுதிக்கொடுக்கிறது நீங்க. அப்பா அம்மா பேரு ஸ்பெல்லிங் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், இனிஷியலை விரிச்சு எழுதுறதா வேண்டாமான்னு வீட்டுல முதல்லயே பேசி முடிச்சுட்டு எழுதுங்க. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடத்துலேருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு அந்த சர்டிஃபிகேட்தான் ஆதாரம். அதனால டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே அந்த ஃபார்மை ஒருக்கா காட்டச் சொல்லி எழுத்து எழுத்தா சரி பாருங்க, அப்புறம் திருத்தணும்னா திரும்ப பஸ் ஏறணும்.